கீழே இறங்க அனுமதி

விசா வேறு, ஸ்டேட்டஸ் வேறு. இது எனக்குப் புரியவே ஒரு செமஸ்டர் ஆனது. ஊரில் இருப்பவர்களுக்கு இன்றுவரை புரியவைக்க முடியவில்லை. பாஸ்போர்ட்டில் நம் படத்தோடு ஒட்டித் தருகிறார்களே, அதுதான் விசா. அமெரிக்காவின் வாசலில் வந்து நிற்பதற்கான சீட்டு, அவ்வளவுதான். உள்ளே வந்தபிறகு அது காலாவதியானாலும் யாரும் நம்மைத் துரத்த மாட்டார்கள். வெளியே போய்த் திரும்பும்போதுதான் மறுபடி அது வேண்டும். உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் நம்மைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பது ஸ்டேட்டஸ். 2022 ஆகஸ்டில் சிகாகோ விமான நிலையத்தில் அதிகாரி முத்திரை குத்திவிட்டுப் பக்கத்தில் பேனாவால் ‘எஃப்1, டி/எஸ்’ என்று கிறுக்கினார். சுற்றுலா வந்தவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு தேதி எழுதுவார்கள். எங்களுக்குத் தேதி கிடையாது. டி/எஸ் என்றால் ‘டியூரேஷன் ஆஃப் ஸ்டேட்டஸ்’. ஸ்டேட்டஸ் இருக்கிறவரை இருக்கலாம்.

அம்மாவுக்கு ஸ்டேட்டஸ் என்றால் வாட்ஸப்தான். முதல் வருடம் ஒருநாள் ஃபோனில், “ஒரு பேப்பர விட்டாக்கூட ஸ்டேட்டஸ் போயிடும்மா” என்று புலம்பினேன். “போனா என்னடி, 24 மணி நேரத்துல எப்படியும் போகத்தானே போகுது” என்றாள். அரை மணி நேரம் சிரித்தேன். அப்பா மின்வாரியத்தில் இருந்தவர், அவருக்கு அரசாங்கக் காகிதம் பழக்கம். “ரினியூவல் எப்போ?” என்று கேட்டார். ரினியூவலே இல்லை, ஒவ்வொரு செமஸ்டரும் ஒழுங்காக இருந்தால் அதுவாகவே ஓடும் என்றேன். “அப்படின்னா ஒழுங்கா இருந்துட்டுப் போ” என்றார். அவர் வரையில் விஷயம் முடிந்தது.

ஒழுங்காக இருப்பது என்றால் என்னவென்று விதிகளில் இருக்கிறது. வீடு மாறினால் 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. வளாகத்துக்கு வெளியே அனுமதி இல்லாமல் பார்க்கவே கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், முழுப் பாடச்சுமை. இளங்கலை மாணவர்களுக்கு 12 க்ரெடிட் என்று சட்டமே சொல்கிறது. முதுகலைக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் நிர்ணயிப்பது. எங்களுக்கு 9, அதாவது மூன்று பாடம்.

இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருப்பது செவிஸ் என்கிற கணினித் தரவுத்தளம். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்து ஆறு மாதம் கழித்து, 2002 மார்ச்சில், ஃப்ளோரிடாவில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்கு அரசாங்கத்திடமிருந்து தபால் வந்தது. உங்களிடம் படிக்க விண்ணப்பித்த இரண்டு பேருக்கு மாணவர் தகுதி வழங்கப்பட்டிருக்கிறது என்று. அந்த இரண்டு பேரும் விமானங்களைக் கோபுரங்களில் மோதிச் செத்துப்போனவர்கள். நாடே சிரித்தது, பிறகு கோபப்பட்டது. அடுத்த வருடமே செவிஸ் கட்டாயமானது. அதற்கான கட்டணம் இப்போது 350 டாலர். நம்மைக் கண்காணிக்க நாமே கட்டுகிற பணம். (சென்னை அண்ணா சாலையில் தூதரக வரிசையில் நின்றபோது அந்த ரசீதைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.)

நான் இருந்தது விஸ்கான்சினில் ஒரு பல்கலைக்கழக ஊர். இரண்டு படுக்கையறை வீட்டில் நான்கு பேர். கட்டில் கிடையாது, போன வருடம் படிப்பை முடித்துப் போனவர்கள் விட்டுப்போன மெத்தைகள்தான். மாதம் ஒருமுறை யாராவது ஒருவரின் காரில் தொற்றிக்கொண்டு இந்தியக் கடைக்குப் போய் 20 பவுண்டு பொன்னி அரிசி மூட்டையோடு திரும்புவோம். வகுப்பு, உணவுக்கூடத்தில் வாரம் 20 மணி நேரம் தட்டுக் கழுவுகிற வேலை, அசைன்மென்ட். முதல் வருடம் இதெல்லாம் ஓடியது. நன்றாகவே ஓடியது என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது குளிர்காலம் வேறு மாதிரி வந்தது. நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதுவரை நான் காலை எட்டு மணிக்கு ஃபோன் செய்தால் விருதுநகரில் மாலை ஆறரை, அம்மா விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள். மறுநாளிலிருந்து அதே எட்டு மணி அங்கே ஏழரை, சீரியல் நேரம். டிசம்பரில் நாலரைக்கு முன்பே இருட்டிவிடும். நான் தூங்குவது நின்றது. பிறகு எழுந்திருப்பது நின்றது. இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும் என்று கேட்கலாம். விடிய விடிய விழித்துக்கொண்டு கிடப்பேன், விடிந்தபிறகு உடம்பைத் தூக்க முடியாது. அழுகையெல்லாம் இல்லை. அழுதிருந்தால் அறைத்தோழிகளுக்காவது தெரிந்திருக்கும். குளித்து ஆறு நாள் ஆனது எனக்கே தெரியாமல் ஆனது, அவ்வளவுதான்.

ஜனவரியில் நான்காவது செமஸ்டர் தொடங்கியது. அதுதான் கடைசி, மே மாதம் பட்டம். மூன்று பாடங்களில் ஒன்று செவ்வாய், வியாழன் காலை ஒன்பதரைக்கு. மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது, இது என்னால் முடியாது. அமெரிக்க மாணவர்கள் இந்த இடத்தில் செய்வது சுலபம். கணினியைத் திறந்து ‘ட்ராப்’ என்ற பொத்தானை அழுத்துவார்கள். மதிப்பெண் பட்டியலில் ஒரு ‘டபிள்யூ’ விழும், வாழ்க்கை நடக்கும். எங்களுக்கும் அதே பொத்தான் அதே இடத்தில் இருக்கிறது. அழுத்தினால் 9 க்ரெடிட் 6 ஆகும். 6 ஆனால் ஸ்டேட்டஸ் இல்லை.

தமிழ்ப் பசங்க வாட்ஸப் குழுவில் பெயர் சொல்லாமல் ஒரு தோழிக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். பத்து நிமிடத்தில் பதில்கள் வந்தன. “ட்ராப் மட்டும் பண்ணச் சொல்லாதீங்க.” “கவுன்சிலிங்லாம் போக வேணாம், செவிஸ்ல ஏறிடும்.” “ஹெச்1பி அப்ளை பண்ணும்போது மெடிக்கல் ஹிஸ்டரி கேப்பானுங்க.” சேலத்து அண்ணா ஒருவர், ஐந்தாம் வருட பிஎச்டி, எல்லாருக்கும் விமான நிலையத்துக்குக் கார் ஓட்டுகிறவர், எனக்குத் தனியாக எழுதினார்: “தோழிக்கா உனக்கான்னு கேக்கல. ஒண்ணு மட்டும் சொல்றேன் தங்கச்சி. டபிள்யூ வாங்காத, எஃப் வாங்கு.”

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. செவிஸ் பார்ப்பது, இந்தப் பெண் முழுப் பாடச்சுமையில் பதிவாகியிருக்கிறாளா என்பதை. அவள் வகுப்பில் உட்கார்ந்தாளா, ஏதாவது மண்டையில் ஏறியதா, ராத்திரி தூங்கினாளா, எதுவும் அதற்குத் தெரியாது. பாடத்தில் பதிவாகியிருந்து தோற்றுப்போனால் சராசரி சரியும், பல்கலைக்கழகம் எச்சரிக்கை அனுப்பும். ஆனால் அந்த செமஸ்டருக்கு ஸ்டேட்டஸ் இருக்கும். உடம்பு முடியவில்லை என்று தானாக ஒரு பாடத்தை விட்டால் போய்விடும். நாங்கள் எல்லோருமே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள்தான். எத்தனை பேர் படுத்த படுக்கையாக இருந்துகொண்டே காகிதத்தில் 9 க்ரெடிட் படித்தார்கள் என்று எந்தத் தரவுத்தளத்திலும் இருக்காது.

நான் கவுன்சிலிங் மையத்துக்குப் போனது துணிச்சலால் இல்லை. அது உணவுக்கூடத்துக்கு எதிர்க் கட்டிடம், கட்டணம் இல்லை, உள்ளே கதகதப்பாக இருக்கும். முதல்நாள் ஒரு தாளைக் கொடுத்தார்கள். பிஎச்க்யூ-9. ‘கடந்த இரண்டு வாரங்களில்’ என்று தொடங்கி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் 27. கடைசிக் கேள்வி செத்துப்போவதைப் பற்றியது. பேனா கொஞ்சம் நின்றது. பூஜ்யம் போட்டேன், அது உண்மைதான். கூட்டினால் 17 வந்தது. இந்தியப் புத்தி, முதலில் தோன்றியது, பாஸா ஃபெயிலா என்பதுதான். அந்தக் கவுன்சிலர் அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், பிறகு நிறுத்த முடியவில்லை, பிறகு அது சிரிப்பாக இல்லை.

நான் பயந்து பயந்து கேட்ட முதல் கேள்விக்கு அவர் சொன்ன பதிலை இங்கே அப்படியே எழுதிவைக்கிறேன். இங்கே பேசுவது செவிஸுக்குப் போகாது, பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் போகாது, நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒழிய. நான்கு வாரம் போனேன். ஐந்தாவது வாரம் அவர்தான் கேட்டார், ஒரு பாடத்தைக் குறைக்க முடியுமா என்று. எங்கள் ஸ்டேட்டஸ் கதையைச் சொன்னேன். “அதற்கு ஒரு வழி இருக்கிறது, உங்கள் அலுவலகத்தில் கேள்” என்றார்.

இருந்தது. விதிகளிலேயே இருந்தது. ‘குறைக்கப்பட்ட பாடச்சுமை.’ சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டிஎஸ்ஓ என்று ஒருவர் இருப்பார், செவிஸில் எங்கள் பதிவைத் தொட உரிமை உள்ளவர். அவர் முன்கூட்டியே அனுமதித்தால் பாடத்தைக் குறைக்கலாம். அனுமதிக்கான காரணங்கள் ஒரு பட்டியலாக இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஆரம்பகாலச் சிரமம். வாசிக்க வேண்டிய அளவு. தவறான நிலைப் பாடத்தில் சேர்க்கப்பட்டது. அமெரிக்கக் கற்பித்தல் முறைகளில் பழக்கமின்மை. (விருதுநகரில் ரெகார்டு நோட்டை இரண்டு முறை எழுதிய எனக்கு இந்தக் காரணம் ரொம்பப் பிடித்தது.) இவையெல்லாம் ஒரே ஒருமுறை, அதுவும் பாதிச் சுமையாவது படித்தாக வேண்டும். நோய் அல்லது உடல்நிலை என்ற காரணத்துக்கு மட்டும் வேறு கணக்கு. ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை. தேவைப்பட்டால் ஒரு பாடம்கூட இல்லாமல், பூஜ்யம் க்ரெடிட்டிலும் இருக்கலாம். நாட்டை விட்டுப் போக வேண்டாம், இங்கேயே இருந்து வைத்தியம் பார்க்கலாம். ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாக அனுமதி வாங்க வேண்டும். எங்கள் வாட்ஸப் குழுவில் இருநூறு பேர். ஒருவருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தவர் யாரும் தான் அதை வாங்கியதாகச் சொல்லவில்லை. இரண்டாவதுதான் இருக்கும்.

ஆனால் கையெழுத்துப் போடுவது யார் என்பதில் ஒரு சிக்கல். எம்டி படித்த மருத்துவர், ஆஸ்டியோபதி மருத்துவர், உரிமம் பெற்ற உளவியலாளர் என்று சட்டம் வரையறுத்து வைத்திருக்கிறது. என் கவுன்சிலர் வைத்திருந்தது சமூகப்பணி உரிமம். நான்கு வாரம் என் கதையைக் கேட்டவரின் கையெழுத்து செல்லாது. வளாக மருத்துவமனையில் என்னை இருபது நிமிடம் பார்த்த டாக்டரின் கையெழுத்து செல்லும். அந்தச் சந்திப்பு கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. பாடத்தை விடுவதற்கான கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் இருந்தது. நடுவில் இருந்த அந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒன்பதரை வகுப்புக்குப் போகவில்லை, பொத்தானையும் அழுத்தவில்லை.

எரிச்சலாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் ‘முன்கூட்டியே’ என்ற வார்த்தைதான் எனக்கு அதைவிடப் பெரிய பிரச்சினையாகப் படுகிறது. விழுந்துபோனபிறகு வந்து சொன்னால் இந்த விதியால் உதவ முடியாது. விழப்போகிறேன் என்று, நிற்கும்போதே, கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் யார் அப்படிச் சொல்லிப் பழகியிருக்கிறோம்? காய்ச்சலே 102 வந்தபிறகுதான் சொல்லுவோம். சித்தி மார்பில் கட்டியை ஒரு வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். அந்த விதியை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க மாட்டார்கள். ‘டாக்டர், எனக்கு என்னவோ சரியில்லை’ என்று இருபது வயதில் சாதாரணமாகப் போய்ச் சொல்கிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

டிஎஸ்ஓ மேஜையில் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய் இருந்தது. கடிதத்தை நீட்டினேன். என்ன வியாதி, எப்போதிலிருந்து என்று கேட்பார் என்று வார்த்தைகளையெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் கையெழுத்தையும் க்ரெடிட் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்தார். “நோயின் பெயர் எனக்கு வேண்டாம். செவிஸிலும் அதற்கு இடமில்லை” என்றார். கணினியில் ஒரு பட்டியலைத் திறந்து ‘நோய் அல்லது உடல்நிலை’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. புது ஐ-20 தாள் பிரிண்டரில் சூடாக வந்தது. ‘இப்போது போய் ட்ராப் செய்துகொள்’ என்றார். வராந்தாவிலேயே உட்கார்ந்து ஃபோனில் அந்தப் பொத்தானை அழுத்தினேன். ஒரு மிட்டாய் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார், எடுக்காமல் வந்துவிட்டேன் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஒரு பாடம் குறைந்ததால் எல்லாம் சரியாகிவிடவில்லை. எனக்குக் கிடைத்தது செவ்வாயும் வியாழனும் இரண்டு காலைகள். மாத்திரை வேலை செய்ய ஐந்து வாரம் ஆனது. ஏப்ரலில் ஒருநாள் ஏரியில் பனி உடைகிற சத்தம் கேட்டது, அன்று பசித்தது. ரசம் வைத்தேன். அறைத்தோழி பெருங்காய வாசனைக்கு எழுந்துவந்து, “அப்பாடா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

மீதி ஒரு பாடத்துக்காகப் படிப்பு டிசம்பர்வரை நீண்டது. ஐ-20 முடிவதற்கு முன்பே நீட்டிப்பு கேட்க வேண்டும், அதற்கும் அதே டாக்டர் கடிதம் உதவியது. ஆனால் நீட்டிப்பு என்றால் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய 28 லட்சம் கடன். படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கும் என்பது ஒப்பந்தம். படிப்பு தள்ளிப்போனால் வங்கிக்குக் கடிதம் கொடுக்க வேண்டும்.

“தூக்கம் வரலப்பா. ரெண்டு மாசமா.”

“ஆஸ்பத்திரில காட்டுனியா?”

“காட்டிட்டேன். மாத்திரை சாப்பிடுறேன்.”

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் குக்கர் விசில் அடித்தது. “லெட்டர அனுப்பு பாப்பா. பேங்க்ல நான் பேசிக்கிறேன்” என்றார்.

என்ன பேசினார் என்பது பிறகு அத்தை மூலமாகத் தெரிந்தது. பனியில் வழுக்கி விழுந்து எனக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டதாம். வங்கி மேனேஜரிடம் ஆரம்பித்து, தெருவில், கோயிலில், சாத்தூர் பெரியப்பா வீட்டில், எல்லா இடத்திலும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், அவர் செய்ததும் டிஎஸ்ஓ செய்ததும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர் பட்டியலில் இருந்ததில் பொருத்தமான ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்த வருடம் முழுக்க வீடியோ காலில் யார் வந்தாலும் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். பெரியம்மா எலும்புக்கு நல்லது என்று பிரண்டைத் துவையல் செய்முறை அனுப்பினாள். “எந்தக் கால்மா?” என்று ஒரு சித்தப்பா கேட்டபோது “இடது” என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அது இடதுகால்தான்.

பயம் அநாவசியம் என்று சொல்ல வரவில்லை. 2019இல் மிச்சிகனில் ஒரு பல்கலைக்கழகம் முழுக்கவே குடியேற்ற அதிகாரிகள் போட்ட பொறி என்று தெரியவந்தது, அதில் மாட்டியவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள். 2020 ஜூலையில் கொரோனா நடுவே, வகுப்பு முழுவதும் ஆன்லைன் என்றால் நாட்டை விட்டுக் கிளம்பு என்றார்கள், எட்டு நாளில் திரும்பப் பெற்றார்கள். 2025 ஏப்ரலில் நான் பட்டம் வாங்கி ஓபிடி என்கிற வேலை அனுமதியில் இருந்தேன். அதில் மொத்தம் 90 நாள்தான் வேலையில்லாமல் இருக்கலாம். என் எண்ணிக்கை அறுபதைத் தாண்டியிருந்த அந்த வாரங்களில், ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் திடீரென்று முடித்துவைக்கப்பட்டன. நிறையப் பேருக்கு என்ன காரணம் என்றுகூடச் சொல்லவில்லை. பலருக்கு எப்போதோ போலீஸ் கைரேகை எடுத்தது மட்டும்தான், வழக்கே தள்ளுபடியாகியிருந்தது. நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தபிறகு மாதக் கடைசியில் பதிவுகளைத் திரும்பச் சேர்த்தார்கள். அந்த மாதம் எங்கள் வீட்டில் தினமும் காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பு மின்னஞ்சல் பார்த்தோம். எனக்கு 74ஆவது நாள் வேலை கிடைத்தது. ஆகஸ்டில் அரசாங்கம் அந்த டி/எஸ்ஸையே எடுத்துவிட்டு அதிகபட்சம் நான்கு வருடம் என்று தேதி போடலாம் என முன்மொழிந்தது.

இதில் எதையும் ஒரு மாணவர் தன் ஒழுங்கால் தடுக்க முடியாது. ஆனால் பாடச்சுமை விஷயம் அப்படி இல்லை, அதற்கு ஒரு கதவு இருக்கிறது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வாட்ஸப் குழுவில் இப்போது வருடத்துக்கு இரண்டு முறை, அக்டோபரிலும் பிப்ரவரியிலும், பாடத்தை விடும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால், என் பெயரிலேயே போடுகிறேன்: எனக்கு 2024இல் கிடைத்தது, கேட்கிறவர்கள் தனியாகக் கேளுங்கள் என்று. கீழே யாரும் பதில் போடுவதில்லை. ஒரு லைக்கூட விழாது. தனியாக இதுவரை பதினொரு பேர் கேட்டிருக்கிறார்கள்.

போன வாரம் ஈரோட்டுப் பெண் ஒருத்தி, முதல் வருடம், ராத்திரி ஒரு மணிக்கு அழைத்தாள்.

“அக்கா, ஃப்ரெண்டுக்குக் கேக்கறேன். ட்ராப் பண்ணலாமா?”

“ஃப்ரெண்டு இன்னும் பண்ணலையே?”

“இல்லக்கா.”

“சாப்பிட்டாளா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “மதியம் பிரெட் சாப்டேங்க்கா” என்றாள்.

அலுவலகம் எட்டரைக்குத் திறக்கும். டாக்டர் சந்திப்புக்குக் காலையிலேயே ஃபோன் செய்தால் ரத்தான இடம் ஏதாவது கிடைக்கும். அதையெல்லாம் சொல்லிவிட்டு, அவள் தூங்கட்டும் என்று வைக்கப் பார்த்தேன். வைக்க வேண்டாம் என்றாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் மறுநாளைக்கு மாவு கரைத்தேன்.